தொலைவிலிருந்து வெறுப்பது

2016 அக்டோபர் 2ஆம் தேதி கொலம்பிய மக்களிடம் ஒரே ஒரு கேள்வி வைக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்ட போரை முடிக்க அரசும் ஃபார்க் கெரில்லாக்களும் செய்துகொண்ட உடன்பாட்டை ஏற்கிறீர்களா? ‘இல்லை’ என்றவர்கள் 50.2 விழுக்காடு. வித்தியாசம் 54,000 வாக்குகளுக்கும் குறைவு. வாக்களிக்க வந்தவர்களே 38 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அதே நாளில் சோகோ மாநிலத்தின் பொஹாயா என்ற ஆற்றங்கரை ஊரில் ஏறத்தாழ 96 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றார்கள். 2002 மே 2ஆம் தேதி, துணைராணுவக் குழுவோடு நடந்த சண்டையில் ஃபார்க் வீசிய எரிவாயு உருளைக் குண்டு, மக்கள் தஞ்சம் புகுந்திருந்த தேவாலயத்தின் மேல் விழுந்த ஊர் அது. குறைந்தது 79 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் சிறுவர்கள்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, பட்டவர்கள் மன்னித்தார்கள், படாதவர்கள் மறுத்தார்கள் என்று முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைநகர் பொகோட்டாவும் அன்று ‘ஆம்’ என்றே வாக்களித்தது. மறுத்த பெருநகரம் மெதெயின். உடன்பாட்டை எதிர்த்து நின்ற முன்னாள் அதிபர் அல்வாரோ உரிபேவுக்கு எங்கே செல்வாக்கு இருந்ததோ அங்கே ‘இல்லை’ வலுத்தது. பொஹாயாவின் ‘ஆம்’கூட முழுக்க மன்னிப்பு அல்ல, போர் திரும்பி வந்தால் முதலில் சாகப்போவது தாங்கள்தான் என்று அறிந்தவர்களின் கணக்கும் அதில் இருந்தது. ஆகவே ஒரு வாக்கெடுப்பை வைத்து யாருடைய மனத்தையும் அளந்துவிட முடியாது. ஆனால் அது கிளப்பிய கேள்வியிலிருந்து தப்பவும் முடியாது. ஆயுதத்தைக் கீழே வைத்தவர்மீது சமூகத்துக்கு இருக்கும் வெறுப்பு பட்ட காயத்திலிருந்து வருகிறதா, வேறெங்கிருந்தாவது வருகிறதா?

இதற்கு உளவியல் தரும் பதில்களில் மிகவும் கவனிக்கத்தக்கது எமில் ப்ரூனோவும் அவருடைய சகாக்களும் தந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ப்ரூனோ 2020இல் மூளைப் புற்றுநோயால் காலமானார். நூர் க்தெய்லியுடன் சேர்ந்து அவர் 2015இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் அளவுகோல் இருக்கிறது. திரையில் ஐந்து உருவங்கள் வரிசையாக நிற்கும். இடது கோடியில் நான்கு காலில் ஊன்றிய குரங்கு, வலது கோடியில் நிமிர்ந்து நடக்கும் மனிதன், இடையில் படிப்படியாக நிமிரும் மூன்று உருவங்கள். கீழே பூஜ்யத்திலிருந்து நூறு வரை நகர்த்தக்கூடிய ஒரு கோடு. ‘இந்தக் கூட்டத்தார் எவ்வளவு தூரம் பரிணமித்தவர்கள்?’ என்று கேட்டு, கோட்டை நகர்த்தச் சொல்வார்கள். எல்லோரும் வெட்கப்பட்டு நூறில் வைத்துவிடுவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. எந்தத் தயக்கமும் இல்லாமல், பெயர் சொல்லிக் கேட்ட கூட்டத்தாரைச் சராசரி மனிதருக்கு வெகு கீழே வைக்கிறார்கள். படித்தவர்கள், நகரவாசிகள், தங்களை நியாயவான்கள் என்று நம்புகிறவர்களும் இதில் அடக்கம்.

ப்ரூனோ, ஆந்த்ரேஸ் காசாஸ், போவாஸ் ஹமேரி, க்தெய்லி ஆகியோர் கொலம்பியாவில் செய்த ஆய்வு ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் 2022இல் வந்தது. ஃபார்க் முன்னாள் போராளிகள் குடியமர்ந்திருந்த முகாமுக்குப் போய், அவர்களோடும் பக்கத்தில் வாழும் மக்களோடும் பேசிப் பதிவு செய்து, சில நிமிடக் காணொளிப் படங்களாக ஆக்கினார்கள். அவற்றைப் பார்த்தவர்களிடம் முன்னாள் போராளிகள் பற்றிய இழிநோக்கு குறைந்தது. அவர்களைச் சமூகத்தில் சேர்த்துக்கொள்வதற்கான ஆதரவு கூடியது. பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துக் கேட்டபோதும் அந்த மாற்றம் நின்றது. ஏன் நின்றது என்பதற்கு அவர்கள் கண்ட காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘இவர்கள் மாற விரும்பாதவர்கள், விரும்பினாலும் மாற முடியாதவர்கள்’ என்ற நம்பிக்கைதான் வெறுப்பின் அச்சாணி. படம் அந்த அச்சாணியைக் கழற்றியது. பார்த்தவர்களுக்குப் பாசம் பொங்கிவிட்டது என்பதைவிட, தீர்ப்பு கொஞ்சம் திருத்தப்பட்டது என்று சொல்வதே பொருத்தம்.

இந்த முடிவை நான் ஏற்கிறேன். ஏற்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பிரித்துவைக்க வேண்டும். பேச்சில் மூன்றும் எப்போதும் கலந்தே கிடக்கின்றன. ‘இவர் செய்த செயலுக்குப் பதில் சொல்ல வேண்டும்’ என்பது நீதிக் கோரிக்கை. ‘இவர் மறுபடி ஆயுதம் தூக்கலாம்’ என்பது அச்சம். அதைத் தரவுகளைக் கொண்டு சோதிக்கலாம். ‘இவர் பிறவியே இப்படித்தான்’ என்பது மட்டுமே தப்பெண்ணம். முதல் இரண்டையும் மூன்றாவதோடு சேர்த்துத் தப்பெண்ணம் என்று பேரிட்டு, பாதிக்கப்பட்டவரை மனநோயாளியாகப் பார்க்கும் ஆய்வுகள் உண்டு. மகனைக் கடத்திக் கொன்றவரோடு ஒரே தெருவில் வாழச் சொல்லும்போது ஒரு தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. போரின் நடுவில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் தரம் பிரித்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். சியரா லியோனில் 1,043 முன்னாள் போராளிகளிடம் விசாரித்து மக்கார்தன் ஹம்ஃப்ரீஸும் ஜெரமி வெய்ன்ஸ்டீனும் 2007இல் எழுதிய ஆய்வு, மக்களைக் கொடுமைப்படுத்திய படைப்பிரிவுகளில் இருந்தவர்களையே ஊர்கள் ஏற்கத் தயங்கின என்று காட்டியது. ‘போராளி’ என்பதற்காக எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. வட உகாண்டாவில் ‘இறைவனின் எதிர்ப்புப் படை’ என்ற கிளர்ச்சிக் குழு கடத்திச்சென்ற பிள்ளைகள் வீடு திரும்பியபோது, குடும்பமும் ஊரும் பெரும்பாலும் அவர்களை அணைத்துக்கொண்டன. அவர்கள் இழந்தது படிப்பைத்தான் என்று கிறிஸ்டபர் ப்ளாட்மனும் ஜீனி அன்னனும் கண்டார்கள். ஐஎஸ் ஆட்சியில் மூன்றாண்டு வதைபட்ட மொசுல் நகரவாசிகளிடம் கிறிஸ்டன் காவோவும் மாரா ரெவ்கினும் கேட்டார்கள். அங்கும் ஐஎஸ்ஸோடு தொடர்புடையவர் யார் என்பதைவிட என்ன செய்தார், விரும்பிச் செய்தாரா என்பதுதான் தண்டனையையும் மன்னிப்பையும் தீர்மானித்தது. துப்பாக்கி ஏந்தியவரும் தெருவைக் கூட்டியவரும் அவர்களுக்கு ஒன்றல்ல.

வெறுப்பு காயத்தின் நேரடி விளைவு என்றால், இந்த மூன்று இடங்களிலும் அது கண்மூடித்தனமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அருகிலிருப்பவருக்கு முகங்கள் தெரியும். யார் அடித்தது, யார் தண்ணீர் கொடுத்தது, யாரை இழுத்துப்போனார்கள் என்று தெரியும். தொலைவிலிருப்பவருக்குச் சீருடை மட்டும்தான் தெரியும். ப்ரூனோவின் படம் வேலை செய்ததற்கும் இதுதான் காரணம் என்பது என் கணிப்பு: அது பார்வையாளரைச் சில நிமிடத்துக்கு அருகில் கொண்டுவந்தது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தையும் வைத்துவிடுகிறேன். அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறதா? இருக்கிறது. அமைதிப் பேச்சில் ஃபார்க் தரப்புக்குத் தலைமை தாங்கிய இவான் மார்க்கேஸே 2019 ஆகஸ்ட் 29ஆம் தேதி சீருடையில் காணொளியில் தோன்றி மீண்டும் ஆயுதம் ஏந்துவதாக அறிவித்தார். அதைப் பார்த்த ஒரு கொலம்பியர் ‘நான் அப்போதே சொன்னேன்’ என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சுமார் 13,000 பேர் முன்னாள் போராளிகளாகப் பதிவு பெற்றார்கள். மிகப் பெரும்பான்மையினர் உடன்பாட்டை மீறவில்லை. ககேத்தா மாநிலத்தின் மிராவாயே என்ற இடத்தில், நேற்றுவரை காவல் காத்த ஆற்றில் படகோட்டிப் பழகி, 2019இல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக வெள்ளப்படகுப் போட்டிக்கே ஓர் அணியை அனுப்பினார்கள். அகுவா போனிதாவில் அன்னாசி பயிரிட்டார்கள். அந்தப் பெரும்பான்மையில் 400க்கும் மேற்பட்டோர் உடன்பாட்டுக்குப் பின் கொல்லப்பட்டார்கள். யாருக்கு யாரால் ஆபத்து என்ற கணக்கைப் போட்டால், ஆயுதம் கீழே வைத்தவர் பக்கமே சாவு அதிகம். முன்னரும் அப்படித்தான் நடந்தது. 1985இல் ஃபார்க்குடன் நடந்த பேச்சுவார்த்தையின் விளைவாகத் தொடங்கிய ‘தேசபக்த ஒன்றியம்’ என்ற கட்சியில் 5,733 பேர் கொல்லப்பட்டோ காணாமல் ஆக்கப்பட்டோ போனதாக அமைதிக்கான சிறப்பு நீதிமன்றம் கணக்கிட்டிருக்கிறது. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 2023 ஜனவரியில் அதற்குக் கொலம்பிய அரசைப் பொறுப்பாக்கியது. அச்சம் நியாயமானதாக இருக்கலாம். அது ஒரு திசையில் மட்டும் பார்ப்பது நியாயமல்ல.

‘பிறவியே இப்படித்தான்’ என்ற நம்பிக்கை பொய் என்பதற்கு ஆய்வுகூட வேண்டாம், கொலம்பிய வரலாறே போதும். எம்-19 இயக்கம் 1985 நவம்பரில் பொகோட்டாவின் நீதி மாளிகையைக் கைப்பற்றியது. அதன்பின் நடந்த தாக்குதலில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் உட்பட நூறு பேரளவில் மாண்டார்கள். அந்த இயக்கம் 1990 மார்ச்சில் ஆயுதத்தை ஒப்படைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் 70 இடங்களில் 19 அதற்குக் கிடைத்தது. 2022இல் அதன் முன்னாள் உறுப்பினர் குஸ்தாவோ பெத்ரோ நாட்டின் அதிபரானார். (நீதி மாளிகைச் சம்பவத்தின்போது அவர் சிறையில் இருந்தார்.) ஃபார்க்கின் கட்சியோ 2018 தேர்தலில் ஒரு விழுக்காடுகூடப் பெறவில்லை. ஒரே நாடு, ஒரே வாக்காளர்கள். இந்த வேறுபாட்டில் தப்பெண்ணத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் முழுக்கத் தப்பெண்ணம் அல்ல. 21,000க்கும் மேற்பட்ட கடத்தல்களுக்கு ஃபார்க் தலைமை பொறுப்பு என்று அதே சிறப்பு நீதிமன்றம் 2021இல் குற்றம் சாட்டியது. வாக்காளர்கள் அதற்கும் சேர்த்துத்தான் மறுத்தார்கள். இதையும் வெறுப்பு என்றே எழுதிவிட்டால், செயலுக்குப் பொறுப்புக் கேட்கும் உரிமையே மக்களுக்கு இல்லை என்றாகிவிடும்.

இனி ப்ரூனோ குழுவின் அந்தப் படத்துக்கு வருகிறேன். அதன்மீது எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு. முதலாவது, அது எதை அளந்தது என்பது. பதில்கள் மாறின, நன்கொடை தருவதில்கூட மாற்றம் இருந்தது, நல்லதுதான். ஆனால் வீட்டை வாடகைக்குக் கொடுப்பாரா, கடையில் வேலைக்கு வைப்பாரா, மகளைக் கட்டிக் கொடுப்பாரா என்பவை வேறு தளத்துக் கேள்விகள். பெரிய மனத்தோடு ‘ஏற்கலாம்’ என்று திரையில் தட்டிவிட்டு, ஊரில் கதவைச் சாத்துவது எல்லாச் சமூகத்திலும் நடக்கிறது. இரண்டாவது மறுப்பு இதைவிடப் பெரியது. படம் கழற்றிய அச்சாணியை மறுநாள் காலையில் அரசும் ஊடகமும் திரும்பப் பொருத்திவிடலாம். நைஜீரியாவின் மைடுகுரியில் நடந்த ஓர் ஆய்வு இதைச் சரியாகப் பிடித்தது. 2021இல் வெளிவந்த அந்த ஆய்வில், மக்கள் மதிக்கும் மதத் தலைவர் வானொலியில் மன்னிப்பைப் பற்றிப் பேசக் கேட்டவர்கள், போகோ ஹராமிலிருந்து திரும்பியவர்களை ஏற்க அதிகம் இணங்கினார்கள். அயலாரும் ஏற்பார்கள் என்றும் நம்பினார்கள். யார் சொல்கிறார் என்பதுதான் அங்கே திறவுகோல். அப்படியானால் அதிகாரத்தில் இருப்பவர் எதிர்த்திசையில் பேசும்போது அதுவும் அதே அளவு பலிக்கும்.

மன்னிப்பை நாடுவதில் இன்னொரு விலையும் இருக்கிறது. சியரா லியோனில் ‘ஃபம்புல் டாக்’ என்ற அமைப்பு ஊர்க்கூட்டங்கள் நடத்தி, தீங்கிழைத்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் நெருப்பைச் சுற்றி உட்காரவைத்துப் பேசச் செய்தது. 200 ஊர்களில் அதன் விளைவை அளந்த ஆய்வு 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. மன்னிப்பு கூடியது, ஊரில் நம்பிக்கை கூடியது. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அதிர்ச்சி நோயும் கூடின. சமூகம் ஆறியது, தனிமனிதர் புண்ணைக் கீறினார். இணக்கத்தின் செலவை மிகவும் இழந்தவரிடமே வசூலிக்கும் எந்தத் திட்டத்தையும் நான் வெற்றி என்று ஏற்கமாட்டேன்.

அருகாமை பற்றிய என் வாதம் உடையும் இடம் இலங்கையின் வடக்கும் கிழக்கும். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது சரணடைந்தோ பிடிபட்டோ புனர்வாழ்வு முகாம்களுக்குப் போன விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் ஏறத்தாழ 12,000 பேர். அவர்கள் திரும்பியது சொந்த மக்களிடம்தான். வன்னியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு முகமும் தெரியும். இருந்தும் ‘தடுப்பால வந்தவர்’ என்றால் வேலை கொடுக்கத் தயங்கினார்கள், பேசவும் தயங்கினார்கள். பெண்களின் நிலைமை இன்னும் மோசம். இயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பது அரிதானது. தடுப்பில் என்ன நடந்ததோ என்ற சந்தேகம் வாய்விட்டும் விடாமலும் உலவியது. முன்னாள் போராளிகள் தொடங்கிய ஜனநாயகப் போராளிகள் கட்சி 2015 ஆகஸ்ட் தேர்தலில் ஓர் இடமும் பெறவில்லை. புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினி, புனர்வாழ்வு முடிந்து வந்து 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய நினைவுநூல் 2016இல் வெளிவந்தபோது, அது அவர் எழுதியதுதானா என்று சந்தேகித்தவர்கள் எதிரிகள் அல்ல, ஒருகாலத்தில் அவரைக் கொண்டாடியவர்கள்.

இதில் ஒரு பகுதி செயலுக்கான கோபம், அதை மூடிமறைக்கக் கூடாது. போரின் கடைசி ஆண்டுகளில் புலிகள் வீட்டுக்கொரு பிள்ளையை இழுத்துச்சென்றார்கள். அந்தப் பெற்றோரின் கோபத்துக்கு உளவியல் சிகிச்சை தேவையில்லை. இழுத்துச்செல்லப்பட்ட பிள்ளைகளே பின்னர் ‘முன்னாள் போராளிகள்’ ஆனார்கள் என்பதுதான் கொடுமை. ஆனால் பெரும்பகுதிக்குக் காரணம் வேறு. முன்னாள் போராளி வீட்டுக்குப் புலனாய்வுக்காரர்கள் வருவார்கள், யார் வந்தார், யார் போனார் என்று கேட்பார்கள். அவரோடு பழகினால் தன் வீட்டுக்கும் வருவார்கள். அவரே தகவல் கொடுப்பவராகவும் இருக்கலாம். இந்த நிலையில் ஒதுங்குவது மனத்தின் கோளாறு அல்ல, கண்காணிக்கப்படும் மக்களின் தற்காப்பு. அருகில் இருந்தவரையும் தொலைவுக்குத் தள்ளியது அரசுதான்.

அரசின் சந்தேகம் எப்படி இயங்குகிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியே போதும். 2018 நவம்பர் 30ஆம் தேதி மட்டக்களப்பு மாவட்டம் வவுணதீவில் காவல் சாவடியில் இருந்த இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் கைது செய்யப்பட்டார். யாருக்கும் வியப்பில்லை, அவர்தான் செய்திருப்பார் என்று பலரும் நம்பினார்கள். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதல்கள் நடந்த பிறகுதான், வவுணதீவில் கொன்றதும் அந்தத் தாக்குதல்களை நடத்திய சஹ்ரான் கும்பலே என்று தெரியவந்தது. கைதான முன்னாள் புலி உறுப்பினர் மே மாதம் விடுவிக்கப்பட்டார். ஒரு தனிமனிதர் இழந்த மாதங்கள் ஒரு பக்கம். கண்ணெதிரே ஒரு கொலைக்கும்பல் வளர்ந்துகொண்டிருக்க, விசாரணை பழைய பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தது என்பது இன்னொரு பக்கம். ‘இவர்கள் மாறமாட்டார்கள்’ என்ற நம்பிக்கைக்கு இலங்கை கொடுத்த விலையில் இதையும் சேர்க்க வேண்டும்.

அதே இலங்கையில், 1971இலும் 1987–89இலும் இருமுறை ஆயுதக் கிளர்ச்சி செய்த ஜேவிபியின் தலைவர் 2024 செப்டம்பரில் நாட்டின் அதிபரானார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு சமூகம் ஆயுதம் ஏந்தியவர்களைத் தன்னுள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் அந்தத் தாராளம் ‘நம்ம பிள்ளைகள்’ என்று எண்ணப்பட்டவர்களுக்கே கிடைத்தது. பெரும்பான்மைச் சிங்களச் சமூகத்தின் மனத்தில் புலிகளுக்கு எதிராக இருப்பது வன்முறைமீதான வெறுப்பு மட்டும் என்றால், இந்த இரண்டு கணக்கும் இப்படி வேறுபட்டிருக்காது.

ஆக, என் தீர்ப்பு இது. மாற முடியாதவர்கள் என்ற நம்பிக்கைதான் தப்பெண்ணத்தின் உயிர்நாடி என்ற உளவியலின் கண்டுபிடிப்பு சரி. நோய் தனிமனித மூளைக்குள் இருக்கிறது, படம் காட்டித் தீர்க்கலாம் என்று அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. தொலைவிலிருப்பவரிடம் படம் கொஞ்சம் வேலை செய்யும், செய்யட்டும். அருகிலிருப்பவருக்குத் தேவை வேறு இரண்டு. ஒன்று, செய்த செயலுக்குச் செய்தவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஒரு மன்றம். கொலம்பியாவின் சிறப்பு நீதிமன்றம், 2002க்கும் 2008க்கும் இடையில் ராணுவம் கொன்று கெரில்லாக் கணக்கில் சேர்த்த 6,402 அப்பாவிகளைப் பற்றியும் விசாரிக்கிறது. 2025 செப்டம்பரில் ஃபார்க்கின் ஏழு முன்னாள் தளபதிகளுக்கு எட்டாண்டு ஈடுசெய்யும் தண்டனையும் விதித்தது. சிறை இல்லை என்று பாதிக்கப்பட்டவர்கள் பலர் கோபப்பட்டார்கள், அந்தக் கோபம் நியாயம். ஆனாலும் குற்றவாளி யார், அந்தச் சீருடையை மட்டும் அணிந்தவர் யார் என்று பிரிப்பதற்கு அந்த மன்றம் ஒரு வழி திறந்திருக்கிறது. இலங்கையில் அப்படி ஒன்று இரு தரப்புக்கும் இல்லை. பிரித்துப் பார்க்க யாரும் உதவாததால் எல்லோரும் மொத்தமாகவே சந்தேகிக்கப்படுகிறார்கள்.

மற்றது, சந்தேகத்துக்கு ஒரு முடிவுத் தேதி. 2022இல், போர் முடிந்து பதின்மூன்று ஆண்டு கழித்து, இலங்கை அரசு கொண்டுவந்த புனர்வாழ்வுப் பணியக மசோதா, போதைக்கு அடிமையானவர்களோடும் வன்முறைத் தீவிரவாதக் குழுக்களோடும் முன்னாள் போராளிகளையும் ஒரே பட்டியலில் வைத்தது. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே புனர்வாழ்வு முடித்து, பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். அந்தச் சொற்களை எடுக்காமல் சாதாரணப் பெரும்பான்மையால் சட்டமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அக்டோபரில் தீர்மானித்ததால் மட்டுமே அந்தப் பட்டியலிலிருந்து அவர்கள் வெளியே வந்தார்கள். அரசு தன் சட்டத்திலும் புலனாய்வுப் பதிவேட்டிலும் அவர்களை விடுவிக்காத வரை, கிளிநொச்சியில் ஒரு கடைக்காரர் தயக்கமின்றி அவர்களை வேலைக்கு வைப்பார் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.